வாசலில் கிடந்த மாம்பலகை



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மேசை மீதே வைத்திருந்தேன். ஒரு சகோதரி எழுதியிருந்தார். சீனி வியாதியால் அவருடைய மாமிக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலி கிடைத்திருக்கிறது. வீடோ வாடகை வீடு, வாசலில் இரண்டு படி. சீமெந்து போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. "மரத்தால் ஒரு சாய்தளம் செய்யலாம் என்கிறார்கள். எந்த மரத்தில் செய்வது? உள்ள காசையெல்லாம் கொடுத்துச் செய்து அது ஒரு மாரியில் உக்கிப்போனால், திரும்பச் செய்ய எங்களிடம் வசதியில்லை" என்று முடித்திருந்தார்.

மௌலவியிடம் மரத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளைகளுக்கு ஸர்பும் நஹ்வும் சொல்லிக்கொடுப்பதே என் தொழில், உளி பிடித்தவனல்ல. ஆனால் இந்த ஒரு விடயத்தில் நான் கைச்சேதப்பட்டுப் படித்த பாடமொன்று உண்டு. அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. இருந்தாலும் சொல்லாமல் மரத்தின் பெயர்களை மட்டும் எழுதினால் அந்தச் சகோதரிக்குப் பயன்படாது.

எங்கள் உம்மாவுக்கு 2018ஆம் ஆண்டு பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கிழக்கில் எங்கள் வழக்கப்படி உம்மா மகளோடுதான் இருப்பார். அவர் தங்கச்சி வீட்டில் இருந்தார். மாரியில் வெள்ளம் ஏறும் வளவு என்பதால் அந்த வீட்டின் தரையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். வாசலில் மூன்று படி, படி ஒன்று 6 அங்குலம். படிக்குப் பக்கத்திலேயே மலக்குழியின் மூடி. கொங்கிறீற் போட்டால் பிறகு குழியைத் திறக்க வழியில்லை. ஆகவே மரத்தில்தான் செய்யவேண்டுமென்று தீர்மானித்தோம்.

வீட்டுப் பின்புறத்தில் தகரத்தால் மூடி எட்டு முதிரைத் தீராந்திகள் கிடந்தன. அவை உம்மாவின் பழைய சீதன வீட்டுக் கூரை மரங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அந்த வீடு போய்விட்டது. சுவர் இடிந்து விழுந்த குவியலுக்குள் சிக்கிக்கொண்டதால் இந்தத் தீராந்திகள் மட்டும் மிஞ்சின. உம்மாவின் வாப்பா காட்டு மரம் இறக்கி, ஆள் வைத்துச் செதுக்கி ஏற்றியவை. யார் விலை கேட்டு வந்தாலும் உம்மா கொடுக்கமாட்டார். நான் அவற்றுக்கு மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். என் மகளுக்கு வீடு கட்டும் காலத்தில் வாசல் நிலைக்கும் கதவுக்கும் இதுவே போதுமென்ற கணக்கு. பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தக் கணக்கு விளங்கும்.

ஓடாவி காக்கா வந்து பார்த்தார். பின்வளவைச் சுற்றிவிட்டு, "மௌலவி, அந்த முதிரையில ரெண்டு மூண்ட அறுத்தா உம்மாட வேல முடிஞ்சிடும்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. "வயசான மனுசி, எத்தனை நாளைக்கு ஓடப்போகிறது, மலிவான பலகையில் செய்து தாருங்கள்" என்றேன். இந்த வார்த்தையை உம்மாவின் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றே சொன்னேன். எட்டியதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. காக்கா பிறகு ஒன்றும் பேசவில்லை. மரக்காலையிலிருந்து மாம்பலகை வந்தது. 9 அடி நீளத்தில் ஒரு சாய்தளம், சட்டங்களை நேரே மண்ணில் படுக்கவைத்து, மேலே பலகை அடித்து, பச்சை நிற எனாமல் பெயின்ற் பூசி, ஒரே நாளில் வேலை முடிந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது.

முதல் மாரியில் பெயின்ற் ஆங்காங்கே கொப்புளித்தது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாவது மாரி, 2019 டிசம்பர், நாலு நாள் விடாமழை. ஐந்தாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தது என்று தங்கச்சி உம்மாவை வெளியே இறக்கினாள். நாற்காலியின் முன் சின்னச் சக்கரம் பலகையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கியது. உம்மா முன்பக்கமாக விழுந்தார். நல்ல கையின் மணிக்கட்டில் வெடிப்பு. பாரிசவாதம் எடுக்காமல் விட்ட கை அது ஒன்றுதான்.

பலகையைப் புரட்டிப் பார்த்தபோது, மேலே பெயின்ற் தோல்போல நிற்க, உள்ளே மரம் ஈரப்பிட்டு மாதிரி இருந்தது. அடிச்சட்டத்தைக் கறையான் தின்று வெறும் ஓடாக்கியிருந்தது.

கை சுகமாகிவிட்டது. ஆனால் உம்மா வெளியே இறங்க மறுத்துவிட்டார். "எனக்கு வெளியில என்ன வேல மகன்?" என்பார். பழியாகச் சொல்லவில்லை, சாதாரணமாகவே சொல்வார். ஜனவரியில் அவருடைய சிறுவயதுச் சிநேகிதி மௌத்தானார். மூன்று வளவு தள்ளித்தான் மையித்து வீடு. ஊரே போனது. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றோம். ஆண்கள் தன்னைத் தூக்கிக்கொண்டு தெருவால் போவதை உம்மா விரும்பவில்லை. யன்னலருகில் நாற்காலியைப் போடச் சொல்லி, ஜனாஸா போகும்வரை அங்கேயே இருந்தார். கடைசியாக முகம் பார்க்கவில்லை.

இரண்டாவது சாய்தளத்தை 2020 பெப்ரவரியில் செய்தோம். அந்த வேலைக்காக ஓடாவி காக்காவோடு மரக்காலைகளுக்கும் மர ஆலைக்கும் அலைந்தபோது அவர் வாயால் கேட்டதும், பிறகு நானாகப் படித்ததும்தான் இனி எழுதப்போவது.

சகோதரி, எந்த மரம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் காக்காவிடம் அதைத்தான் கேட்டேன். "பேரக் கேட்டு மரம் வாங்கப்படாது மௌலவி, வைரத்தப் பாத்து வாங்கணும்" என்றார். மரத்தைக் குறுக்கே அறுத்தால் நடுவில் நிறம் கடுத்த பகுதியும் அதைச் சுற்றி வெளிறிய பகுதியும் தெரியும். நடுப்பகுதிதான் வைரம். மரம் உயிரோடு நிற்கும்போதே அதற்குள் எண்ணெயும் கசப்பும் போன்ற சத்துக்கள் சேர்ந்துவிடுவதால், உக்கவைக்கும் பூஞ்சணமும் கறையானும் இலகுவில் அதை அண்டமாட்டா. சுற்றியுள்ள வெள்ளை, மரம் தண்ணீர் ஏற்றிய பகுதி. அதில் மாப்பொருள் உண்டு. அது பூச்சிக்கு உணவு. எவ்வளவு பெயர்பெற்ற மரமானாலும் அதன் வெள்ளை மழையில் நிற்காது. தேக்கின் வெள்ளையும் மாமரமும் இந்த விடயத்தில் ஏறத்தாழ ஒன்றுதான்.

நாங்கள் போன ஒரு கடையில் தேக்கு என்று காட்டிய பலகைகளில் ஓரம் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை ஓடியிருந்தது. இளம் தோட்டத் தேக்கு அப்படித்தான் இருக்கும். விலை மட்டும் தேக்கு விலை. காக்கா நகத்தால் வெள்ளையை அழுத்திக் காட்டினார், தடம் பதிந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பெயின்ற் அடிச்சா ஒண்டும் தெரியாது" என்றார். தெரியாது என்பது உண்மைதான். எங்கள் மாம்பலகையிலும் ஒன்றும் தெரியவில்லை.

இனி மரங்களைச் சொல்கிறேன். நமது நாட்டில் மழைக்கும் வெயிலுக்கும் நின்றுபிடிக்கும் மரங்களில் முதலில் சொல்லவேண்டியது பாலை. வரண்ட பிரதேசக் காட்டு மரம். தண்ணீரில் போட்டால் தாழும் அளவுக்குக் கனம். அக்காலத்தில் ரெயில் பாதைக்குக் குறுக்கே போடும் சிலிப்பர் கட்டைகளுக்கு அதைத்தான் தேடினார்கள். கால்களுக்கும் அடிச்சட்டத்துக்கும் அதைவிட நல்லது கிடைப்பது கடினம். ஆனால் வெயிலில் வெடிக்கும், வாளையும் உளியையும் மழுக்கும். மேலே மிதிக்கும் பலகைக்கு நான் சொல்லமாட்டேன். அடுத்தது முதிரை. சிங்களத்தில் புருத்த என்பார்கள். வைரம் பாய்ந்த முதிரை மழையில் பல்லாண்டு கிடக்கும். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். எங்கள் காக்கா இரண்டு நாள் கையைச் சொறிந்துகொண்டு திரிந்தார். அறுக்கும்போது முழுக்கை சட்டையும் மூக்குக்கு ஒரு துணியும் இருந்தால் நல்லது. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் வெளிநாட்டு வியாபாரிகளால் திருகோணமலை மரம் என்றும் சொல்லப்படும் மரமும் நல்லது. ஒரு காலத்தில் படகுக்கும் பீப்பாவுக்கும் போனது. வளையும் தன்மை உள்ளதால் பலகைக்குத் தோதானது, இப்போது கிடைப்பதுதான் அரிது.

இந்த மூன்றும் காட்டு மரங்கள். களவாக வெட்டி இரவில் இறக்கும் மரம் மலிவாகத்தான் இருக்கும். அதை வாங்கியவரும் சட்டத்தில் மாட்டுவார். பேர்மிட் இல்லாத மரத்தைத் தொடவேண்டாம். அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையத்தில் வாங்கினால் பற்றுச்சீட்டோடு வரும், மனதுக்கும் நிம்மதி.

தேக்கு எல்லோருக்கும் தெரிந்தது. வைரமாக இருந்தால் மிதிபலகைக்கு அதைப்போல வசதியான மரமில்லை. அதிகம் கோணாது, சிலாம்பு குறைவு, எண்ணெய்ப்பசை இயல்பிலேயே உண்டு. பலா, உங்கள் பக்கம் கிடைக்குமானால், நல்ல மஞ்சள் வைரம் கறையானுக்கு நிற்கும். ஆனால் சொந்த வளவுப் பலாவானாலும் நினைத்தபடி வெட்டமுடியாது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் பெண் பனைக்கும் அனுமதி வேண்டும். பனை முதிர்ந்தால் வெளிச்சுற்றுக் கறுப்பு வைரம் இரும்புமாதிரி. கூரைச் சலாகைக்குச் சரி, மிதிபலகைக்குப் போட்டால் நாரெழும்பிச் சிலாம்பு ஏறும். மஹோகனி வீட்டுக்குள் ராசா, மழையில் நடுத்தரம்.

போடவே கூடாதவை: மா, றப்பர், அல்பீசியா, லுனுமிதெல்ல, சாமான் பெட்டி உடைத்த பைன் பலகை, கொங்கிறீற் தட்டுக்குப் போடும் சாதாரண பிளைவூட். தென்னையையும் இதில் சேர்க்கிறேன். நமது பக்கத்தில் தென்னைக்கு இருக்கும் மரியாதையால் சிலருக்குக் கோபம் வரலாம். கூரைக்குள் நனையாமல் இருக்கும் முதிர்ந்த தென்னங்கைமரம் வேறு, மழையில் மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் தென்னம்பலகை வேறு.

மருந்தடித்த மரம் என்றும் விற்கிறார்கள். என்ன மருந்தென்று கேட்கவேண்டும். றப்பர் மரத்துக்கு வழக்கமாக ஏற்றும் போரொன் மருந்து தளபாடத்துக்கு நல்லது, வெளியே வைத்தால் மழை அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். இலேசான பச்சை நிறமாக இருக்கும் மரத்தில் செம்பு, குரோமியத்தோடு ஆசெனிக் என்ற பாஷாணமும் கலந்திருக்கக்கூடும். அது பல்லாண்டு நிற்கும் என்பது மெய்தான். ஆனால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டுத் தேவைக்கு அதை நிறுத்திவிட்டார்கள். கை பிடிக்கும் இடத்தில் அது வேண்டாம். கையால் சோறு பிசைந்து உண்ணும் மக்கள் நாம். அதன் துண்டுகளை அடுப்பில் எரிப்பது பெரும் ஆபத்து. பழைய சிலிப்பர் கட்டைகளில் ஏற்றியிருக்கும் கிரியோசோற் எண்ணெயும் தோலுக்கு ஆகாது. வேலிக்கட்டைக்குப் பூசுவதுபோல கழிவு எண்ணெய் பூசலாமா என்று பலர் கேட்பார்கள். சாய்தளத்துக்குப் பூசினால் சக்கரம் வழுக்கும், உடுப்பும் நாசம்.

எங்கள் மரம் ஒன்றும் வாங்கவேண்டியிருக்கவில்லை, பின்வளவில்தான் கிடந்ததே. மர ஆலைக்காரர், பழைய மரத்தில் ஆணி இருந்தால் வாள் போய்விடும், கழற்றாமல் கொண்டுவரவேண்டாம் என்றுவிட்டார். இரண்டு பின்னேரம் நானும் மச்சானும் குந்தியிருந்து ஆணி பிடுங்கினோம். கடல் தண்ணீரில் துருத்து மரத்தோடு ஒட்டிப்போன ஆணிகள். சில இடங்களில் காந்தம் வைத்துத் தேடினோம். உம்மா யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

வாளில் போட்டதும் உள்ளே மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. வெளியே சாம்பல் நிறமாய்க் கிடந்த மரத்துக்குள் ஒரு விரல்கடை போனதும் நேற்றறுத்ததுபோல. பழைய வீடு உடைத்த மரத்தின் நன்மை அதுதான், சகோதரி. பல வருடம் காய்ந்து, வளையவேண்டிய அளவு வளைந்து, இனி அசையமாட்டேன் என்று நிற்கும். பச்சை மரத்தை வாங்கிக் கால் அங்குல இடைவெளி விட்டு அடித்தால், காயக்காய அது சுருங்கி இடைவெளி அரை அங்குலமாகி, முன் சின்னச் சக்கரம் அதற்குள் இறங்கும். உங்கள் ஊரில் பழைய வீடு உடைக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பழைய நிலை, யன்னல் சட்டம், தீராந்தி என்று கேளுங்கள். புது மரத்தைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கவும் கூடும். அறுத்த பிறகு ஒவ்வொரு முனையையும் பாருங்கள். பொந்தும் தூளும் இருந்தால் அந்தத் துண்டைத் தள்ளிவிடுங்கள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு லொறியில் ஏற்றுமுன் அதற்கும் பேர்மிட் தேவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மரம் நல்லதாய் அமைந்தாலும், வைக்கும் விதம் பிழைத்தால் அதுவும் உக்கும். வேலிக்கட்டையை நினைத்துப் பாருங்கள். மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும் பகுதி நன்றாயிருக்கும், மேலே காற்றில் நிற்பதும் நன்றாயிருக்கும். தரைமட்டத்தில்தான் முறியும். பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் சேரும் இடம் அது. ஆகவே சாய்தளத்தின் எந்தக் காலும் மண்ணைத் தொடக்கூடாது. கொங்கிறீற் கல் வைத்து, கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் தார்த்தாளோ பழைய ரியூப் துண்டோ வையுங்கள். கறையான் மண்கூடு கட்டித்தான் கல்லில் ஏறும். கல் அரை அடி உயரம் வெளியே தெரிந்தால் கூடும் தெரியும், விளக்குமாற்றால் தட்டிவிடலாம். எங்கள் மாம்பலகைச் சட்டம் மண்ணில் படுத்திருந்ததால் கறையான் வந்ததே கண்ணுக்குத் தெரியவில்லை. நிலத்தைத் தொட்டே ஆகவேண்டிய கீழ்முனைக்கு மட்டும் மரம் வேண்டாம், அங்கே ஒரு கொங்கிறீற் பலகைக்கல்லைப் பதித்து அதில் மரத்தைச் சாய்த்துவிடுங்கள். வீட்டுக்காரர் அதற்கு மறுக்கமாட்டார், போகும்போது கிளப்பிக்கொண்டு போகலாம்.

மிதிபலகைகளை நாற்காலி ஓடும் திசைக்குக் குறுக்காக அடிக்கவேண்டும், இடையில் கால் அங்குலம் விடவேண்டும். தண்ணீர் வடியவும் காற்றோடவும் அந்த இடைவெளி போதும். பலகை ஒன்றேகால் அங்குலத் தடிப்பென்றால் அடியில் 14 அங்குலத்துக்கொரு சட்டம் வைத்தோம், அசைவே இல்லை. அறுத்த முனைகளை வெறுமனே விடவேண்டாம். மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது முனையால்தான். எதைப் பூசாவிட்டாலும் முனைக்கு இரண்டு தடவை பெயின்ற் பூசுங்கள்.

மேற்பரப்புக்கு மினுக்கும் எனாமல் பூசியது நாங்கள் விட்ட இன்னொரு பிழை. நனைந்தால் வழுக்கும், கீறல் வழியே உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் முடியாது. இம்முறை மரத்துக்குள் ஊறும் எண்ணெய் வகையைப் பூசினோம். சக்கரம் ஓடும் இரு தடத்திலும் மட்டும் பெயின்ற் பூசி, அது காயுமுன் அரித்த காய்ந்த ஆற்றுமணலைத் தூவினோம். கடல்மணல் வேண்டாம், உப்பு ஈரத்தை இழுக்கும்.

ஆணியைப் பற்றியும் சொல்லவேண்டும். கடற்கரை ஊரில் சாதாரண ஆணி சில வருடத்தில் துருத்து ஓட்டையாகும். ஓட்டைக்குள் தண்ணீர் இறங்கும். கல்வனைஸ் திருகாணி, முடியுமானால் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி வாங்குங்கள். முதிரையிலும் பாலையிலும் துளை போடாமல் ஏற்றினால் ஒன்றில் மரம் வெடிக்கும் அல்லது திருகாணி முறியும். திருகாணியால் பூட்டினால் இன்னொரு வசதி, வீடு மாறும்போது கழற்றி ஏற்றிக்கொண்டு போகலாம். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இது சிறிய விடயமல்ல.

சரிவு ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பதே உலகெங்கும் வழங்கும் கணக்கு. எங்கள் 18 அங்குலத்துக்கு 18 அடி வேண்டும். நாங்கள் முதலில் போட்டதோ 9 அடி! தங்கச்சி மூச்சுவாங்கத் தள்ளியதன் காரணம் அதுதான். முற்றத்தில் நேராக அவ்வளவு இடமில்லை. ஆகவே 6 அடி இறங்கி, 5 அடிக்கு 5 அடி சமதளம் ஒன்றில் திரும்பி, மற்றப் பக்கமாக 12 அடி இறங்கியது. அகலம் மூன்றரை அடி. இரு ஓரத்திலும் சக்கரம் வெளியே போகாதபடி மூன்று அங்குலச் சட்டம். எட்டுத் தீராந்தியில் ஆறு போயின. அடிச்சட்டம் முழுவதும், மிதிபலகையில் பாதியும் முதிரை. மீதிக்கு வெள்ளை கழித்த தேக்கு வாங்கினோம். கூட்டக்கூட்ட, மாம்பலகையின் செலவைப்போல மூன்று மடங்கு ஆனது. மாம்பலகைக்குச் செலவழித்ததையும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வாகனக் கூலியையும் நான் இதில் சேர்க்கவில்லை.

ஐந்து மாரி போய்விட்டது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் மழைக்கு முன்னர் பாசியைச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றித் தூரிகையால் தேய்த்து, திருகாணிகளை இறுக்கி, முனைகளுக்குப் பெயின்ற் பூசுகிறோம். ஒரு கால்தான் கல்லிலிருந்து சற்று விலகியது, ஆப்பு வைத்தோம். இரண்டு தேக்குப் பலகையில் மயிர்வெடிப்பு. முதிரையில் ஒன்றுமில்லை, வெயிலில் சாம்பல் நிறமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இவ்விடத்தில் ஒரு சொல் இடையில் சொல்லிக்கொள்கிறேன். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், 2006இல் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களில் சாய்தளம் இருக்கவேண்டும் என்கின்றன. நமது பள்ளிவாசல்கள் பலவற்றில் மினாரா உயர்ந்திருக்கிறது, படியும் உயர்ந்திருக்கிறது. ஜும்ஆவுக்கு வந்து தெருவிலேயே நாற்காலியில் இருந்து தொழுதுவிட்டுப் போகும் ஒருவரை நான் வாரந்தோறும் காண்கிறேன். பள்ளிவாசலுக்கு மரம் வேண்டியதில்லை. நிலையான இடம், கொங்கிறீற்றே போடலாம். நிருவாகிகள் வாசிப்பார்களாயின் வுழூ எடுக்கும் இடத்துப் படியையும் சேர்த்து அளந்துகொள்ளட்டும்.

முதல் நாள் உம்மாவை இறக்கியபோது நடுவழியில் நிறுத்தச் சொன்னார். நல்ல கையால் ஓரத்துச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். "வாப்பாட மரமா?" என்றார். ஓம் என்றோம். சற்று நேரம் கழித்து, "மகளுக்கு நிலைக்கு வைச்சிரிக்கியா?" என்று என்னைக் கேட்டார். இரண்டு தீராந்தி இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினார். பிறகு தள்ளச் சொன்னார்.

சகோதரி, உங்கள் வாசலில் இரண்டு படி என்கிறீர்கள். படி 6 அங்குலமென்றால் 12 அடி, 7 அங்குலமென்றால் 14 அடி நீளம் வேண்டும். படியைத் தனித்தனியே அளக்காமல் திண்ணை மட்டத்திலிருந்து நிலம்வரை ஒரே அளவாக எடுங்கள். முற்றத்தின் நீளத்தையும் எடுங்கள். மரம் வாங்கப் போகும்போது ஓடாவியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பலகையின் இரு ஓரத்தையும் முனையையும் பார்க்காமல் காசு கொடுக்கவேண்டாம். உங்கள் மாமியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், எந்தப் பக்கமாக இறங்க விருப்பம் என்று. நாங்கள் முதல் தடவை தெருப்பக்கமாகப் போட்டிருந்தோம். இரண்டாம் தடவை கேட்டபோது, உம்மா கிணற்றடிப் பக்கம் என்றார். அந்தப் பக்க வேலிப் பொட்டால்தான் அயல்வீட்டுப் பெண்கள் வந்துபோவார்கள்.

அளவுகளை எழுதி அனுப்புங்கள். காக்காவிடம் காட்டி எத்தனை அடி பலகை வேண்டுமென்று கணக்கெடுத்துத் தருகிறேன், இன்ஷா அல்லாஹ். கைபிடியைப் பற்றி எழுத இம்முறை இடமில்லை, அடுத்த இதழில் பார்ப்போம்.